லியோனில் ஒரு செமஸ்டர்

பிரான்ஸின் லியோன் நகரில் குருவா-ரூஸ் என்று ஒரு குன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் மேல் கட்டிய குடியிருப்புகளில் ஒவ்வொரு மாடியும் ஏறக்குறைய 4 மீட்டர் உயரம்; நம் கணக்கில் 13 அடி. சன்னல்களும் அந்த உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும். யாரோ சீமான்கள் வாழ்ந்த வீடுகள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அத்தனையும் நெசவாளர் வீடுகள். தலைமேல் ஜக்கார்டு பெட்டி, அதாவது பூ விழ வேண்டிய இழைகளைத் தூக்கும் கருவி, ஏற்றிய தறி நிற்க அந்த உயரம் வேண்டியிருந்தது. பட்டு நூலின் நிறத்தைப் பிரித்துப் பார்க்க அந்த வெளிச்சம் வேண்டியிருந்தது. தறிக்குப் போக மிஞ்சிய மூலையில் பரண் கட்டி, அதில் குடும்பம் படுத்துறங்கியது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படிப்பட்ட வீட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் தறிக்குத்தான் முதல் இடம். ஜக்கார்டு பெட்டி ஏற்றுவதற்காகவே அப்பா கூடத்தின் கூரையை உயர்த்தினார். அம்மா ஊடை நூலைத் தாராகச் சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோர்வைக்குத் துணை உட்காருவது என் வேலை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. ஊடை நூலைக் கொண்டு மூன்று நாடா குறுக்கே ஓடும். ஒருவரால் முடியாது. மறுபக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பி எறிய இன்னொரு ஜோடிக் கை வேண்டும். எங்கள் தெருவில் அந்தக் கை பெரும்பாலும் மனைவியுடையது, அல்லது பிள்ளையுடையது.

சென்னையில் ஜவுளிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 2023 செப்டம்பரில் தொடங்கிய செமஸ்டரை லியோனில் படிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. திரும்பி வந்த பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது எப்படி நடக்கிறது, எவ்வளவு செலவாகும்? அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, போகிறவர்கள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்றும் எனக்கு ஒரு கருத்து உண்டு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் முழுப் பட்டம் படிக்கப் போவது வேறு, ஒரு செமஸ்டர் மட்டும் போய் வருவது வேறு. இரண்டாவதில் நீங்கள் உங்கள் கல்லூரி மாணவராகவே இருக்கிறீர்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் இடையில் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், கட்டணத்தை இங்கே கட்டினால் போதும். அங்கே கட்ட வேண்டியதில்லை. அங்கே எடுக்கும் பாடங்களின் கிரெடிட் இங்கே உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது பொதுக் கணக்கு. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று கிளம்புவதற்கு முன்பே எழுதி, மாணவரும் இரண்டு கல்லூரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தாளை மட்டும் அலட்சியமாக விடவே கூடாது. சரியாக எழுதப்படாமல், திரும்பி வந்து அதே பாடங்களை மறுபடி எழுதிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் இந்த வழக்கத்தைப் பெரிதாக வளர்த்தது எராஸ்மஸ் திட்டம். 1987-இல் ஐரோப்பிய நாடுகளின் மாணவர்களுக்காகத் தொடங்கியது. இப்போது எராஸ்மஸ் பிளஸ் என்ற பெயரில் இந்தியா போன்ற வெளிநாடுகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. இதன் கீழ் ஐரோப்பாவுக்குப் போகும் நம் மாணவருக்கு, போகும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும், தூரத்தைக் கணக்கிட்டுப் பயணப் பணமும் கிடைக்கும். ஆனால் நீங்கள் சேரும் ஐரோப்பியக் கல்லூரி, உங்கள் கல்லூரிக்காக அந்த நிதியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எல்லாக் கல்லூரிக்கும் அது இருக்காது. இல்லாதவர்களுக்கு பிரெஞ்சுத் தூதரகத்தின் ‘சார்பாக்’ (Charpak) என்ற உதவித்தொகை, ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு என்று வேறு வாசல்கள் உண்டு.

எனக்கு எராஸ்மஸ் உதவி கிடைத்தது. அது கிடைக்காமல் என் வீட்டில் இது நடந்திருக்காது. அப்படியும் ஒரு சிக்கல் உண்டு, நெசவாளர் குடும்பங்கள் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: உதவித்தொகை நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் வரும். விமான டிக்கெட், விசா, அறைக்கு முன்பணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் கையிலிருந்து போக வேண்டும். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது அதற்குத்தான். தொகை வந்ததும் மீட்டோம். நான் போனபோது, உதவித்தொகை இல்லாமல் போகிறவர்கள் பிரெஞ்சு விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்து மாதத்துக்கு 3,075 யூரோ. அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒரு நெசவாளர் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படிக்க ஊர் விட்டு ஊர் போவது காஞ்சிக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மற்றவர்கள் இங்கே வந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் கர்நாடகத்திலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன் தன் ஆசிரியரோடு காஞ்சிக் கடிகை என்ற கல்விக்கூடத்துக்குப் படிக்க வந்ததையும், பல்லவக் குதிரை வீரனோடு ஏற்பட்ட சண்டையில் மனம் கசந்து திரும்பிப் போய்க் கதம்ப அரசை நிறுவியதையும் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. வெளியூர் மாணவனை மரியாதையாக நடத்தாத ஊர் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு அது பழைய சாட்சி. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதி வைத்த குறிப்புப்படி, நாளந்தாவின் பேராசிரியர் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். நம் காலத்தில், நெசவாளர் குலத்தில் பிறந்த அண்ணா 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் ‘சப் ஃபெலோ’ (Chubb Fellow) என்ற கௌரவத்தோடு போனார். எங்கள் தெருப் பெரியவர்களுக்கு இன்றும் அது வீட்டுப் பிள்ளை சாதித்த கதைதான்.

லியோனில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன, ரோன், சோன். சோன் ஆற்றங்கரையில் ஃபூர்வியே குன்று, அதன் உச்சியில் மாதா கோயில். எதிரே குருவா-ரூஸ். ஒன்று வேண்டுதல் செய்யும் குன்று, மற்றது உழைக்கும் குன்று என்று அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். காஞ்சியில் இப்படிப் பிரிக்க முடியாது. கோயில் வீதியை ஒட்டியே தறி வீதி. கைலாசநாதர் கோயில் தூணில் இருக்கும் யாளிதான் எங்கள் சேலைக் கரையிலும் நடக்கும். கோபுரம், ருத்திராட்சம், மயில், தாழம்பூ ரேக்கு என்று நாங்கள் நெய்யும் உருவங்களில் பாதி, சாமி கும்பிடப் போன கண் பார்த்து வந்தவை.

என் வகுப்புகள் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டும் குளிரும்தான் நம் பிள்ளைகளை முதலில் வாட்டும், பாடம் அல்ல. மாணவர் உணவகத்தில் ஒரு வேளை முழுச் சாப்பாடு அப்போது 3 யூரோ 30 சென்ட். மற்ற வேளைக்கு நானே சமைத்தேன். கியோத்தியேர் என்ற பகுதியில் ஆசியக் கடைகள் இருக்கின்றன. புளி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். பாடங்கள் பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. சென்னையிலேயே ஆறு மாதம் பிரெஞ்சு படித்துவிட்டுப் போயிருந்ததால் கடையிலும் பஸ்ஸிலும் சமாளித்தேன். ஆங்கிலம் இருந்தால் போதும் என்று எண்ணி யாரும் போக வேண்டாம். நாம் அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியம் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் அங்கே முகம் மலர்கிறது.

ஆனால் நான் அங்கே கற்றதில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியேதான். குருவா-ரூஸில் கனூக்களின் இல்லம் என்று ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. கனூ என்பது லியோன் பட்டு நெசவாளரின் பெயர். அங்கே பழைய தறிகளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கவில்லை, நெய்து காட்டுகிறார்கள். முதல் தடவை போனபோது, அனுமதி கேட்டு, அப்பாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். எங்கள் ஊரில் அப்போது மாலை நேரம். அவர் தறியிலேயே உட்கார்ந்திருந்தார். நெய்து காட்டிய பெண்மணி ஒற்றை மிதியை அழுத்தியதும் மேலே பெட்டி திறந்து, அட்டை ஒன்று திரும்பி, நூற்றுக்கணக்கான பாவு இழைகள் ஒன்றாக எழுந்தன. நாடா குறுக்கே பாய்ந்தது. அப்பா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டு போனார்.

“என்னாம்மா, நம்ம பெட்டியேதானே இது? நல்லா கிட்ட காட்டு கண்ணு, ஊக்கு எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாக்கணும்.”

காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “அவங்களுக்கு அந்தக் காலத்துல கூலி யாரு முடிவு பண்ணாங்க? அதக் கேளு” என்றார்.

இந்த இரண்டு கேள்விகளும்தான் மிச்ச மாதங்களுக்கு என் பாடத்திட்டம் ஆயின.

பெட்டியின் கதையை முதலில் சொல்கிறேன். ஜோசப் மாரி ஜக்கார் 1752-இல் லியோனில் நெசவாளர் மகனாகப் பிறந்தவர். அவருக்கு முன்பெல்லாம் பட்டில் பூ விழ வேண்டுமானால், தறிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, எந்த இழை எழ வேண்டுமோ அதற்கான கயிற்றை ஒவ்வொரு ஊடைக்கும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்குச் சிறுவர் சிறுமியரை வைத்தார்கள். நாள் முழுக்கக் கயிறு இழுத்து முதுகு வளைந்தவர்கள் அவர்கள். துளையிட்ட காகிதத்தால் இழையைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை லியோனில் முன்பே இருந்தது: 1725-இல் பூஷோன், அவருக்குப் பின் ஃபால்கோன், 1745-இல் வோகான்சோன். பாரிஸில் கிடப்பிலிருந்த வோகான்சோன் தறியை ஆராய்ந்து, எல்லோருடைய யோசனைகளையும் சேர்த்து, 1804 வாக்கில் வேலைக்கு ஆகும் கருவியாக ஜக்கார் ஆக்கினார்.

அதன் வேலை மிக எளிது. கிராஃப் தாளில் வரைந்த பூவின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், ஊக்கு மாட்டும், இழை எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்படும், இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை. இந்த இரண்டே விடையைக் கொண்டு எந்தப் பூவையும் எழுதிவிடலாம். 1839-இல் லியோனில் ஜக்காரின் உருவப் படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் பிடித்தன. அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தான் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அதே துளை அட்டைகளை அவர் எடுத்துக்கொண்டார். நம் ஊரில் அட்டை குத்துகிறவர் செய்யும் வேலைக்கும் இன்றைய கணினிக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறது. இதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால், நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள வகுப்பில் யாரும் தயங்கியிருக்க மாட்டோம்.

இன்னொன்றும் தோன்றியது. ஜக்கார்டு பெட்டி லியோன் குழந்தைகளைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. அதே பெட்டி எங்கள் வீட்டுத் தறிக்கு வந்தும், கோர்வைக்கு என் கை வேண்டியிருந்தது. இப்போது எங்கள் தெருவில் பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள், அது நல்லது. ஆனால் துணைக்கு ஆள் கிடைக்காமல் கோர்வை நெய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த இரண்டாவது கையின் வேலையைக் கோர்வையின் உறுதி கெடாமல் செய்யும் எளிய கருவிதான் காஞ்சிக்கு இன்று தேவை. அதற்கான முயற்சிகள் நடக்கின்றன; இன்னும் பல பொறியியல் மாணவர்கள் அதில் இறங்க வேண்டும். என் இறுதியாண்டு ஆய்வுக்கு அதைத்தான் எடுத்தேன்.

இனி அப்பாவின் இரண்டாவது கேள்வி. 1830 வாக்கில் லியோனில் ஏறக்குறைய 30,000 தறிகள் ஓடின. முதலாளி நூலும் டிசைனும் கொடுப்பார், நெசவாளர் தன் வீட்டில், தன் தறியில் நெய்து கொடுப்பார், துணிக்குக் கூலி. காஞ்சிபுரத்தில் முதலாளியிடமோ கூட்டுறவு சொசைட்டியிலோ கோராப் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி வந்து நெய்யும் எங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. விலை விழும்போதெல்லாம் கூலியில் கைவைத்தார்கள். 1831 அக்டோபரில் அரசு அதிகாரியின் முன்னிலையில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை முடிவு செய்தார்கள். முதலாளிகளில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பர் 21-ஆம் தேதி கனூக்கள் கறுப்புக் கொடி பிடித்துக் குன்றிலிருந்து இறங்கினார்கள். சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நகரம் சில நாள் நெசவாளர் கையில் இருந்தது. கடைகளையும் வங்கிகளையும் அவர்களே காவல் காத்தார்கள், கொள்ளையடிக்க விடவில்லை. பிறகு பெரும்படை வந்தது. கூலிப் பட்டியல் ரத்தானது. 1834 ஏப்ரலில் மறுபடி எழுந்தபோது அடி இன்னும் கொடுமையாக விழுந்தது.

குன்றின் சரிவில் வீடுகளின் ஊடே புகுந்து போகும் மறைவான நடைவழிகள் உண்டு, திரபூல் என்பார்கள். மழையில் நனையாமல் பட்டைக் கொண்டு போக நெசவாளர்கள் பயன்படுத்தியவை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த போராளிகளுக்கு அவையே தப்பிக்கும் வழிகளாயின. சுற்றுலாக்காரர்கள் அங்கே படம் எடுக்கிறார்கள். நான் அந்தப் படிகளில் நின்று, கூலிக்காக உயிர் விட்ட கனூக்களின் கதையை அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அவர், “நம்ம ஊர்லயும் சங்கம் வச்சி, சொசைட்டி கேட்டு, பட்டினி கெடந்து வாங்குனதுதாம்மா எல்லாம்” என்றார். பிரகாஷ்ராஜ் நடித்த ‘காஞ்சிவரம்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டினி தெரியும்.

பயணங்களைப் பற்றித்தான் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். பிரான்ஸின் நீண்டகால மாணவர் விசா கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். இன்று அந்த வட்டத்தில் 29 நாடுகள். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற நாடுகளில் இருக்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதற்குள் வராது. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. 1685-இல் மதச் சுதந்திரம் பறிக்கப்பட்டு பிரான்ஸை விட்டு ஓடிய புராட்டஸ்டன்ட் நெசவாளர்கள் தறி போட்ட இடம் அது. தனி விசாவுக்குப் பணம் இல்லை, போகவில்லை.

கூடப் படித்தவர்கள் ஒரு விடுமுறைக்கு ஐந்து நாடு என்று ஓடினார்கள். ஈபிள் கோபுரம், ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால், பிராக் பாலம் என்று போன் நிறையப் படங்கள். நான் பட்டு இருந்த ஊர்களுக்கு மட்டும் போவது என்று முடிவு செய்தேன். பணம் குறைவு என்பதும் ஒரு காரணம். ஆனால் இன்று யார் கேட்டாலும் இதையே சொல்வேன்: உங்கள் வீட்டுத் தொழில் எதுவோ, அதன் வழியே ஊர் பாருங்கள். கதவுகள் தாமாகத் திறக்கும்.

இத்தாலியின் கோமோவுக்கு பஸ்ஸில் போனேன். 2023 ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலையில் ஏற்பட்ட நிலச்சரிவால் லியோனுக்கும் மிலானுக்கும் இடையே ரயில் நின்றுபோயிருந்தது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ள ஃபிரெஜுஸ் சுரங்கத்துக்குள் நுழைந்து மலையின் மறுபக்கம் வந்தால் இத்தாலி. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தேன், எல்லையில் பார்த்தார்கள். கோமோ ஏரிக்கரை நகரம் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகரங்களில் ஒன்று. 1868-இல் தொடங்கிய பட்டுத் தொழில் பள்ளி அங்கே இன்றும் நடக்கிறது. பட்டு நூல் சீனாவிலிருந்து வருகிறது. சாயம், அச்சு, மெருகு, டிசைன் கோமோவினுடையது. பட்டுக் காட்சியகத்தில் புழு வளர்ப்பிலிருந்து அச்சு வரை இயந்திரங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கும் நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன, நம்முடையது நெசவு. ஒரு ஊர் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியதில்லை. தனக்கென்று ஒன்றை வைத்து, அதற்கென்று ஒரு பள்ளியை 150 ஆண்டுகள் விடாமல் நடத்தினால் போதும். காஞ்சியில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை பெருமையோடு போய்ச் சேரும் பட்டுப் பள்ளி ஒன்று ஊருக்குள்ளேயே வேண்டும்.

ஜெர்மனியின் கிரேஃபெல்டு என் மனதுக்கு மிக நெருங்கிய ஊர். சுற்றுலாப் புத்தகங்களில் அதற்கு இரண்டு வரிதான். வெல்வெட்டும் பட்டும் அந்த ஊரின் பெயரோடு ஒட்டியவை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபான் டெர் லாயென் என்ற குடும்பம் அங்கே பட்டுத் தொழிலை வளர்த்தது. அவர்களுடைய மாளிகைதான் இன்று நகர மன்றம். நான் தேடிப் போனது பட்டுப் பண்பாட்டு இல்லம் என்ற சிறிய இடத்தை. பாதிரியார்கள் பூசைக்கு அணியும் பட்டு அங்கிகளுக்குத் துணி நெய்த பழைய பட்டறை அது. கைத்தறிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் தொண்டாக வந்து நெய்து காட்டுகிறார்கள். நான் பட்டு நெசவாளர் மகள் என்று சொன்னதும் ஒரு முதியவர் தன் இருக்கையிலிருந்து எழுந்து, என்னைத் தறியில் உட்காரச் சொன்னார். மிதி கொஞ்சம் கனம். நாடா நம்முடையதை விட நீளம். இரண்டு விரற்கடை நெய்தேன். இழை அறவில்லை. பொருட்காட்சிச் சாலையில் பார்வையாளராக நின்றிருந்த நான் அந்த நிமிடத்தில் தொழில்காரியாக ஆனேன். அவர் என் கையைப் பார்த்துத் தலையாட்டியதை எந்தச் சான்றிதழோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பாரிஸுக்கு லியோனிலிருந்து டிஜிவி ரயிலில் இரண்டு மணி நேரம். 1794-இல் நிறுவிய தொழில்நுட்பக் காட்சியகத்தில் வோகான்சோன் தறியைப் பார்த்துவிட்டு, லா ஷபேல் பகுதியில் ஈழத் தமிழர் கடையில் இட்லி சாப்பிட்டேன். பக்கத்திலேயே 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கட்டியது. “எந்த ஊர் பிள்ளை?” என்று கேட்ட அம்மா ஒருவர், காஞ்சிபுரம் என்றதும் தன் கலியாணச் சேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது அவர் கொண்டுவந்த மிகச் சில பொருள்களில் அது ஒன்று. எங்கள் தெருவில் யாரோ நெய்தது.

டிசம்பர் 8-ஆம் தேதி லியோனில் தீப விழா. 1852-இல் ஃபூர்வியே குன்றின் மேல் மாதா சிலை திறக்க செப்டம்பரில் நாள் குறித்திருந்தார்கள். சோன் ஆற்றில் வெள்ளம் வந்ததால் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் புயல் மிரட்டியது. மாலையில் வானம் தெளிந்ததும், யாரும் சொல்லாமலே மக்கள் தங்கள் சன்னல்களில் மெழுகு தீபம் ஏற்றினார்கள். இன்று நகரம் முழுக்க மின்விளக்குக் காட்சிகள், இலட்சக்கணக்கில் கூட்டம். ஆனாலும் வீட்டுச் சன்னல்களில் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் தீபம் வைக்கும் வழக்கம் போகவில்லை. எங்கள் ஊரில் கார்த்திகை தீபம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. என் பக்கத்து அறைப் பெண்ணுக்கு, தெரு நெடுக வாசலில் அகல் வைக்கும் எங்கள் வழக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் காட்டினேன். அவள் தன் பாட்டிக்கு அனுப்பினாள்.

லியோனில் கைத்தறிப் பட்டு இன்று சில பட்டறைகளில்தான் உயிரோடு இருக்கிறது. 1680, 1752 என்று தொடக்க ஆண்டு சொல்லும் தஸினாரி, பிரெல் போன்ற நிறுவனங்கள் வெர்சாய் அரண்மனை போன்ற இடங்களுக்குப் பழைய துணியை அதே மாதிரி நெய்து தருகின்றன. சில வெல்வெட்டு வகைகள் நாளுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். மற்றபடி விசைத்தறி, செயற்கைப் பட்டு, நைலான் வந்து குன்றை வெறுமையாக்கின. உயரமான அந்த வீடுகளில் இப்போது வசதியானவர்கள் குடியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 1806-இல் லியோன் நெசவுத் தொழில் தகராறுகளைத் தீர்க்க ஏற்படுத்திய தொழில் நியாய மன்றம், இன்று பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பாக நிற்கிறது. தறிகள் போய்விட்டன, தறிக்காரர்களின் வழக்கால் பிறந்த மன்றம் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் தறிகள் இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பதும் நிற்கவில்லை. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை குடும்பமே உட்கார்ந்து நெய்யும் சேலைக்கு, கடையில் ஒட்டும் விலையில் நெசவாளருக்கு வருவது எவ்வளவு என்று வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. லியோனில் நான் பார்த்தது இதுதான்: விசைத்தறி வருவதற்கு வெகுகாலம் முன்பே கூலி நியாயம் தோற்றுப்போயிருந்தது. அதைத் தோற்க விட்ட ஊரில் அடுத்த தலைமுறை தறியில் உட்காராது. காஞ்சியில் அடுத்த தலைமுறை நாங்கள்தான்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பொறியியலோ, டிசைனோ, வணிகமோ எதைப் படித்தாலும், கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வெளிநாட்டுக் கல்லூரிகளோடு என்னென்ன ஒப்பந்தம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை. பெண் பிள்ளையைத் தனியே எப்படி அனுப்புவது என்று தயங்கும் பெற்றோர், ஏற்கெனவே போய் வந்த பெண்களிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். செப்டம்பரில் தொடங்கும் செமஸ்டருக்கு ஐரோப்பியக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்துக்குள் பெயர்ப் பட்டியலை முடித்துவிடும். விசாவுக்கு அதன் பிறகு இரண்டு மாதமாவது கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த மாதமே விண்ணப்பித்து விடுங்கள்.